காதில் விழாத சாவு

அந்தக் காலத்தில் தெருவே ஒரு குடும்பமாக இருந்தது என்று நேற்றும் ஒருத்தர் சொன்னார். குளத்துப் படிக்கட்டில் நம் வயசுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் கூடுகிறோமே, அங்கேதான். நீங்கள் எல்லாரும் தலையை ஆட்டினீர்கள். வெட்கங்கெட்டு நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இட்லியைப் பிட்டுப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் அச்சில் நன்றாக இருக்காதாம், திருத்திக்கொள்கிறாள். செய்துகொள்ளட்டும். மற்றவர்கள் பேசினதை மட்டும் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்செல்லாம் அறுபது வருஷமாக என் காதிலேயே இருக்கிறது.

குடும்பம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் பிறந்தபோது என் அம்மாவுக்குப் பத்து நாள் பால் சுரக்கவில்லை. தெருவில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றி எனக்குப் பால் கொடுத்தார்கள். அதில் ஒருத்திக்குக் கை மூர்க்கம், இன்னொருத்திக்கு வாய் மூர்க்கம், மூன்றாமவள் சாது. என்னிடம் மூன்றும் இருக்கிறது என்று என் புருஷன் சொல்வார். அவரை விடுங்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் போய், கால்வாய்ப் பக்கம் திரும்புகிற சந்துதான் எங்கள் தெரு. முப்பது வீடு. ஜட்கா ஓட்டுகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிறவர்கள். எங்கள் நைனா ஜட்கா. தெருவுக்குள் நுழைந்தால் முதலில் குதிரைச் சாணி வாசம், அப்புறம் மல்லி வாசம், கடைசியில் வெந்த கிளிஞ்சல் நெடி. கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த வீட்டு வாசலில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். ஒரு வீட்டில் உப்பு இல்லையென்றால் அடுத்த வீட்டில் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் மாமியார் மருமகளை அடித்தால் முப்பது வீடும் பஞ்சாயத்துக்கு வந்துவிடும். தெருவுக்குப் பெரியதனக்காரர் ஒருவர் இருந்தார். நாட்டாமை மாதிரி. நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

எங்கள் தெருவுக்குப் பெண் எடுப்பது என்றால் மந்தைவெளி, மிஞ்சிப்போனால் ராயப்பேட்டை. என் சித்தப்பா மட்டும் ஈக்காட்டுத்தாங்கலில் பெண் எடுத்தார். இப்போது அங்கே எந்தப் பக்கம் காது வைத்தாலும் மிஷின் சத்தம். அப்போது அடையாற்றுக்கு அந்தப் பக்கம் வயலும் பனையுமாகக் கிடந்த ஊர். ஆற்று மணலில் வெள்ளரிக்கொடி போடுவார்கள். சித்தியின் அம்மா, எனக்கு ஆயா முறை, அந்த வெள்ளரியை விற்றுத்தான் பிள்ளைகளை வளர்த்தார்.

சித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் தெருவில் அவளுக்கு 'அந்தாண்டவ' என்று பேர். வந்து ஆறு வருஷம் ஆகியும் அதே பேர். "அந்தாண்டவ கொழம்புல புளி ஜாஸ்தி", "அந்தாண்டவ கோலம் கோணிக்கினு போவுது." சித்தி நன்றாகச் சீட்டி அடிப்பாள். வெள்ளரித் தோட்டத்தில் குருவி விரட்டப் பழகினது. எங்கள் குதிரை நைனா கூப்பிட்டால் வராது, சித்தி சீட்டிக்கு வரும். பொம்பளை சீட்டி அடித்தால் வீடு விளங்காது என்று பெரியதனக்காரர் வீட்டு அம்மா தெருமுனையில் நின்று சத்தமாகச் சொல்வார். சித்திக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் சீட்டிதான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நான் அவள் பாயில்தான் படுப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாசம் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். தெருவின் நாலு எல்லையிலும் எலுமிச்சம்பழம் அறுத்து வேப்பிலை செருகிவிட்டால், அதற்கப்புறம் தெருக்காரர் யாரும் எல்லைக்கு வெளியே ராத் தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். நைனா சென்ட்ரல் சவாரியைக்கூட மத்தியானத்தோடு நிறுத்திவிடுவார். தெருவில் தீட்டும் ஆகாது. தீட்டு பட்டால் கூழ் நின்றுபோகும், கூழ் நின்றால் அம்மன் கோபம் தெருவின் மேல் இறங்கும்.

இது அவர்களுக்கு விளையாட்டு இல்லை. நான் சொல்கிற வருஷத்துக்கு முந்தின பங்குனியில் தெருவுக்குள் அம்மை வந்தது. ஐந்து பிள்ளைகள் போயின. பெரியதனக்காரரின் ஒரே பேரனும் போனான். எனக்கும் வந்தது, விட்டுவிட்டுப் போயிற்று. இந்த மூக்குமேல் வடு அப்போது வந்ததுதான். அதனால் அந்த ஆடியில் முப்பது வீடும் அடுப்பு ஊதும்போதுகூட அம்மனை நினைத்துக்கொண்டுதான் ஊதின.

கூழில் முதல் குடம் என்று ஒன்று உண்டு. அதைத் தலையில் தூக்கி வந்து கோயில் அண்டாவில் ஊற்றின பிறகுதான் மற்ற வீட்டுக் கூழ் அதில் கலக்கும். யார் தூக்குவது என்பதை அம்மனே சொல்ல வேண்டும். அம்மன் தோளில் ஈரப்பூ ஒன்றை ஒட்டவைத்து, தெருவில் உள்ள சுமங்கலிகள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எந்தப் பேருக்குப் பூ விழுகிறதோ அவளுக்குக் குடம். அந்த வருஷம் பூ என் சித்தி பேருக்கு விழுந்தது.

"அந்தாண்டவளுக்கா?" என்று பெரியதனக்காரர் வீட்டு அம்மா கேட்டேவிட்டார். பெரியதனக்காரர் சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஆத்தா கேட்டுட்டா. நாம இன்னாத்த பேசறது" என்று சித்தி மணிக்கட்டில் அவரே மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.

அன்றையிலிருந்து அந்தாண்டவ என்ற பேர் போயிற்று. நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம தெருப் பொண்ணு! வேலைக்குப் போகிற வழியில் அவள் முகத்தில் முழித்துவிட்டுப் போனார்கள். என் சித்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் அவளை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை லாடக்கார பாய் ஒரு சேதி கொண்டுவந்தார். எங்கள் குதிரைக்கு லாடம் அடிக்கிறவர், சைதாப்பேட்டைப் பாலத்தண்டை வீடு. ஆயா படுத்த படுக்கையாக இருக்கிறார், கஞ்சிகூட இறங்கவில்லை என்று சித்தியின் தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். பெரியதனக்காரரிடம் கேட்டதற்கு, தாராளமாகப் போய் வரட்டும், விளக்கு வைக்கிறதுக்குள் வந்துவிட வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நைனா வண்டி பூட்டினார். நானும் ஏறிக்கொண்டேன்.

அந்த வழியைச் சொல்லாமல் எனக்கு மேலே போக மனசு வரவில்லை. இப்போது நந்தனம் என்கிறீர்களே, அங்கெல்லாம் தோட்டமும் கிணறும்தான். மாம்பலம் பக்கம் ஏரியைத் தூர்த்து வீட்டு மனை அளந்துகொண்டிருந்தார்கள், செம்மண் புழுதி காற்றில் வந்து பல்லில் நறநறக்கும். எங்கள் குதிரை கள்ளுக்கடை வாசல் தோறும் தானாக நின்றுவிடும். பழைய முதலாளி பழக்கிவிட்ட பழக்கம். நைனா குடிக்க மாட்டார், ஆனால் பார்க்கிறவர்கள் நம்புவார்களா? ஒவ்வொரு கடையிலும் இறங்கி, எல்லார் எதிரிலும் குதிரையைக் கெஞ்சுவார். சித்தி சீட்டி அடித்தால் கிளம்பும்.

ஆயா கோரைப்பாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தார். கை வெள்ளரித் தண்டு மாதிரி இருந்தது. சித்தி கஞ்சியைத் துணியில் நனைத்து நனைத்து வாயில் பிழிந்தாள். இரண்டு மிடறு இறங்கிற்று. வெயில் சாய ஆரம்பித்ததும் நைனா வெளியே நின்று செருமினார்.

"ஒரு ராத்திரி இருந்துட்டுப் போயேன், புள்ள" என்றார் ஆயா.

"காப்பு கட்டிக்கீதும்மா. மொதக் கொடம் எனக்கு வந்துகீது."

"உனுக்கா? அந்தத் தெருவுலயா?" ஆயா சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு. "அப்ப போ. தூக்கி முடிச்சிட்டு வா."

"திங்கக்கெழம காலையில வந்துடுவேன்."

"வா. அது வரைக்கும் இன்னா, இருப்பேன்."

சித்தியின் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. பெத்தவள் ஒரு ராத்திரி இரு என்று கேட்கிறாள், நீ குடத்தைப் பற்றிப் பேசுகிறாயே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தி வண்டியில் ஏறினாள். பாலம் தாண்டுகிற வரை பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் நான் நைனாவுக்குப் பழைய சோறு எடுத்துக்கொண்டு வண்டி நிற்கிற இடத்துக்குப் போனேன். பாய் அங்கே நின்றிருந்தார். தோளில் லாடப் பை இல்லை. நடந்தே வந்திருக்கிறார், சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"விடிகாலயில அந்த ஆயா மவுத்தாயிட்டாங்க நைனா. அவுங்க புள்ள என் வூட்டு வாசல்ல வந்து அழுவுது. வெளக்கு வைக்கிற வரைக்கும் வச்சிருப்பாங்களாம். ஜல்தியா இட்டுக்கினு போ."

நைனா சோற்றுச் சட்டியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வண்டியைப் பூட்டவில்லை. நேரே கோயிலுக்கு நடந்தார். பாயும் கூடவே வந்தார். நான் சட்டியோடு பின்னால் ஓடினேன். பெரியதனக்காரர் வேப்பிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் ஏணியிலிருந்து இறங்கி, அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வேப்பிலையை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்தார்.

அப்புறம் சொன்னார். "காதுல வுழாத சாவுக்குத் தீட்டு இல்ல. அவ காதுல வுழற வரைக்கும் அவ சுத்தம். நாளிக்குக் கூழு முடியட்டும், திங்கக்கெழம காப்பு அவுத்த கையோட நானே சொல்றேன்."

இப்படி ஒரு சாத்திரம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. தூர தேசத்தில் ஒருத்தர் செத்து, சேதி வர ஒரு மாசம் ஆனால் தீட்டு கேட்ட நாளிலிருந்துதான். வழியில்லாதவர்களுக்காக யாரோ நல்ல மனசுக்காரன் வைத்த வழக்கம் அது. அதை எடுத்துக்கொண்டு வந்து, ஆறு மைலில் கிடக்கிற பிணத்துக்கு வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் எனக்கு இப்போது இரண்டு காதும் மந்தம், எனக்கு யாருமே சாக வேண்டியதில்லை!

குடத்தை வேறு யாராவது தூக்கலாமே என்று நைனா மெள்ளக் கேட்டார். அந்த அளவுக்குக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். பூ விழுந்தது அவள் பேருக்கு, அதை மாற்ற நாம் யார், போன வருஷம் ஐந்து பேரைத் தூக்கிப் போட்டோமே, மறந்துவிட்டதா என்றார் பெரியதனக்காரர். நைனா குனிந்து என் மூக்கைப் பார்த்தார். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

பாய்தான் விடவில்லை. மவுத்துச் சேதியை மறைக்கக் கூடாது, தானே போய்ச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

"பாய், இது எங்க தெரு சமாச்சாரம்."

"சாவு தெரு சமாச்சாரம் இல்ல பெரியவரே."

சித்தியால் வர முடியவில்லை என்று அவள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள் என்று பெரியதனக்காரர் கேட்டுக்கொண்டார். பாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வூட்டுல சேதி குடுத்துட்டேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல என் வாயில வராது" என்று சொல்லிவிட்டு, எங்கள் தெருப்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார். வெளி மனுஷர், எங்கள் தெருவில் கால் வைத்து அதை மீற அவருக்கு மனசு வரவில்லை. அவர் மீறியிருக்கலாம் என்று எனக்கு அவர்மேலும் கோபம் உண்டு. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்த நாங்கள் மீறாதபோது அவரைச் சொல்லி என்ன?

நைனா என் தலையில் கைவைத்து அம்மன் சன்னிதியைக் காட்டினார். வாயைத் திறந்தால் மறுபடியும் அம்மை வரும் என்றார். எனக்கு எட்டு வயசு. உடம்பெல்லாம் எரிய, வேப்பிலைமேல் கிடந்த இருபது நாள் எனக்கு ஞாபகம் இருந்தது.

வீட்டுக்குப் போனால் சித்தி கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள். முறத்தை என்னிடம் தள்ளி, கல் பொறுக்கச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கூழ் முடிந்ததும் அண்டாவிலிருந்து ஒரு தூக்குச் சட்டி நிறையத் தன் அம்மாவுக்கு எடுத்துப் போகப் போகிறாளாம். கஞ்சி இறங்காத தொண்டையில் அம்மன் கூழ் இறங்குமாம். "நீயும் வா. ஆயா உன்னத்தான் கேட்டுக்கினே கீது, மூக்குல வடு வச்ச பொண்ணு எங்கன்னு." நான் கல் பொறுக்கினேன். கல்லே இல்லாத மாவில் கல் பொறுக்கினேன்.

மத்தியானத்துக்குள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சித்தியைத் திட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் எடுத்தது குறைவு, விறகு ஈரம், வாசல் சரியாகத் தெளிக்கவில்லை. "இன்னா அக்கா, இன்னிக்கி என்னக் கண்டா ஆவல?" என்று சித்தி கேட்டாள். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனவள் இருட்டும்வரை வரவில்லை. எனக்கு அப்போது அம்மாமேல் வெறுப்பாக இருந்தது. முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அப்படிச் செய்தாள் என்று எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு தெரிந்தது. தெரிந்தும் கோபம் குறையவில்லை. திட்ட வாய் இருந்ததே, சொல்ல வாய் இல்லையா? சித்தப்பா குதிரைக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். தேய்த்த குதிரையையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே விளக்கு வைக்கிற வரைக்கும் ஆயாவை வைத்திருந்தார்கள். இங்கே எங்கள் வீட்டில் விளக்கு வைத்தது சித்திதான்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் அமோகமாக நடந்தது. மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், தலையில் வேப்பிலை சுற்றின குடம், அதை ஒரு கையால் மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள் என் சித்தி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முன்னால் சித்தப்பா வேப்பிலை வீசிக்கொண்டு போனார். பம்பை அடித்தார்கள், குலவை போட்டார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் வந்து அவள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். பெரியதனக்காரர் வீட்டு அம்மா விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை, தூக்கிவிட வேண்டியிருந்தது. சித்திக்கு ஒரே கூச்சம். வயசில் பெரியவர்கள் தன் காலில் விழுகிறார்களே என்று.

எனக்கு ஒன்று பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெருவில் சித்தி ஒருத்தியைத் தவிர முப்பது வீட்டுக்கும் தெரியும். வாய்க்கு வாய் போய்விட்டது. ஊர் வம்பு பேசாமல் ஒரு நாள் சோறு இறங்காத தெரு அது. அந்த ஒரு சேதியை மட்டும் அவ்வளவு பேரும் வாயில் போட்டு அடக்கிக்கொண்டார்கள். குழாயடியில் ஒரு பேச்சில்லை. இதைத்தான் ஒற்றுமை என்கிறீர்கள் நீங்கள்.

கூழ் ருசியாக இருந்தது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, கருவாட்டுக் குழம்போடு. நான் இரண்டு சொம்பு குடித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

திங்கட்கிழமை காலையில் காப்பு அவிழ்த்தார்கள். பெரியதனக்காரர் சித்தியின் கயிற்றைத் தன் கையால் அவிழ்த்து, சொன்ன சொல் தவறாமல் அவரே சொன்னார். சித்தி கூழ்த் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எப்ப?" என்றாள்.

"சனிக்கெழம. விடிகாலயில."

சித்தி தூக்கைக் கீழே வைத்தாள். அழவில்லை. எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் நிமிரவில்லை.

அதற்கப்புறம் தெரு செய்ததைப் பார்க்க வேண்டும்! ஜட்காவும் மாட்டு வண்டியுமாக எட்டு வண்டி பூட்டினார்கள். ஒரு மூட்டை அரிசி, காய்கறி, சித்திக்குக் கோடிப் புடவை. நாற்பது பேர் வேலையை விட்டுவிட்டு ஏறினார்கள். எந்தப் பெண்ணுக்கு அவள் புருஷன் தெருவே திரண்டு போகும் என்று வழியெல்லாம் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். சித்தி எங்கள் வண்டியில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குதிரை கள்ளுக்கடையில் நின்றது. யாரும் சீட்டி அடிக்கவில்லை. நைனா இறங்கி இழுத்தார்.

சித்தியின் தம்பி வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"கொடம் எறக்கி வச்சிட்டியா?" என்றார்.

சித்திக்குப் புரியவில்லை. அவர் சொன்னார், சனிக்கிழமை வீட்டில் சேதி கொடுத்துவிட்டதாக பாய் வந்து சொன்னார், இருட்டுகிற வரை பாலத்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பெத்த மகள் வாய்க்கரிசி போடாமல் புதைத்தோம், உனக்கு உன் தெருதான் பெரிது, அதற்கே பிள்ளையாக இருந்துகொள் என்று. சித்தி யாரைக் காட்டிக்கொடுப்பது? பின்னால் புருஷன் நிற்கிறான், மைத்துனர் நிற்கிறார், நாற்பது பேர் நிற்கிறார்கள்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தர் பேசியிருந்தால் போதும். நாங்கள்தான் மறைத்தோம் என்று ஒரு வார்த்தை. நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எனக்குப் பால் கொடுத்த மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். சித்தப்பா மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்திக்குத் தெரியாது மாமா. நாங்க யாருமே சொல்லல" என்றேன்.

நைனா என்னை அறைந்தார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் என்னை அடித்ததில்லை. காது ரீங்காரம் போட்டது. அதற்குள்ளே சித்தியின் தம்பி பெரியதனக்காரரைக் கேட்டது காதில் விழுந்தது. "பொண்ணு சொல்றது நெசமா?"

"தெருவுல கொழந்தைங்க கீது, தம்பி" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். சொல்லும்போது அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

தம்பி எழுந்து சித்தியை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து அப்போதுதான் அவள் அழுகிற சத்தம் வந்தது. எங்களுக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அரிசி மூட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டார்கள். திரும்பி வரும்போது எட்டு வண்டியிலும் ஒரே பேச்சு. என்ன பேச்சு என்று நினைக்கிறீர்கள்? நான் தெரு மானத்தை ஆற்றில் விட்டுவிட்டேனாம். எட்டு வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு வாயா, இதை எவன் கட்டுவான் என்று. கதவுக்குப் பின்னால் அழுதவளைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

நைனா சாகிற வரைக்கும் இதைப் பற்றி நாங்கள் ஒரே ஒரு தரம்தான் பேசினோம். "உன்ன வச்சித்தான் பயந்தேன்" என்றார். அதைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தார். என் பேரைச் சொல்லி அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறார்கள், நான் யாரைப் போய்க் கேட்பேன்?

சித்தி பதினாறாம் நாள் காரியம் முடிந்து சித்தப்பாவோடு வந்தாள். நான் தெருமுனைக்கு ஓடினேன். உண்மையைச் சொன்னவள் நான், எனக்காக அறை வாங்கினாயே என்று கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, என் உயரத்துக்குக் குந்தினாள்.

"சனிக்கெழம என் பக்கத்துல குந்திக்கினு கல்லு பொறுக்கினியே. அப்பவே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்மேல் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. தலை பின்னிவிட்டாள், பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள். ஆனால் மாவு சலிக்கும்போது பேசுவாளே, அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

தெரு அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. முதல் குடம் தூக்கினவள், அவள் தூக்கின வருஷம் ஒரு பிள்ளைக்கும் அம்மை போடவில்லை என்று. அது என்னவோ நிஜம்தான், போடவில்லை. அந்தாண்டவ என்று யாரும் அதற்கப்புறம் சொன்னதில்லை. நல்லது கெட்டதுக்கு முதல் தாம்பாளம் அவளுக்கு வந்தது. வாங்கிக்கொள்வாள். சிரிக்க மாட்டாள்.

அடுத்த ஆடி வந்தது. காப்புக் கட்டுகிற வெள்ளிக்கிழமை, எலுமிச்சம்பழம் அறுக்கிறதுக்கு முன்னால், சித்தி மூட்டை கட்டிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கிளம்பினாள். சித்தப்பா தடுக்கவில்லை. தெருமுனையில் பெரியதனக்காரர் கத்தியும் பழமுமாக நின்றிருந்தார். கூடப் பத்துப் பேர். காப்பு நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய், போன வருஷம் குடம் தூக்கினவள் இந்த வருஷம் தெருவில் இல்லாமல் போகலாமா என்று அவர் கேட்டார். சித்தி நின்றாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

"எனக்குத் தீட்டு கீது, பெரியவரே. போன வருசம் சனிக்கெழம வந்தது. இன்னும் போவல."

அவர் அவளைப் பார்த்தார். கையில் இருந்த பழத்தைப் பார்த்தார். தீட்டு உள்ளவளை எல்லைக்குள் வைத்துக் காப்புக் கட்டலாமா? அவர் வகுத்த சட்டம்தான்.

பெரியதனக்காரர் ஓரமாக நகர்ந்து வழி விட்டார். அதற்கப்புறம் அவள் உயிரோடு இருந்த ஒவ்வொரு ஆடியிலும் தெரு அவளுக்கு அப்படித்தான் வழி விட்டது.